வீட்டுப் பொருளிலிருந்து அரூப ஓவியம்: ஆயில் பேஸ்டல் பழகுவோர்க்கு ஒரு வழிகாட்டி

பொருளை அப்படியே காட்டாமல் வடிவமும் வண்ணமுமாக மட்டும் தரும் அரூப ஓவியம் என்றால் மனம்போன போக்கில் வண்ணம் தீட்டுவது என்ற எண்ணம் புதிதாக வரையத் தொடங்குவோரிடம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்தோடு வெற்றுத் தாளின் முன் உட்காருபவர், எல்லாம் கற்பனையிலிருந்தே வர வேண்டும் என்று காத்திருந்து, நாலைந்து சுழிகளும் முக்கோணங்களும் போட்டபின் சலித்து எழுந்துவிடுகிறார். இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. வீட்டில் நாள்தோறும் புழங்கும் ஒரு பொருளை எதிரே வைத்துக்கொண்டு, அதை நன்றாகப் பார்த்து, அதில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்துகொண்டே போக வேண்டும். விட வேண்டியவற்றை விட்டபின் தாளில் மிஞ்சும் வடிவமும் வண்ணமும் உங்கள் அரூபமாக அமையும்.

அமெரிக்க ஓவியர் ஸ்டூவர்ட் டேவிஸ் 1927-இல் இதை மிகுந்த பிடிவாதத்தோடு செய்து பார்த்தார். ஒரு மின்விசிறி, ஒரு ரப்பர் கையுறை, முட்டை அடிக்கும் கைக்கருவி ஆகிய மூன்றையும் ஒரு மேசைமீது ஆணியடித்து நிறுத்தி, ஏறக்குறைய ஓராண்டுக் காலம் அவற்றையே பார்த்து வரைந்தார். அதிலிருந்து பிறந்த நான்கு ஓவியங்களில் விசிறியையோ கையுறையையோ தேடினால் கிடைக்காது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த தளங்களும் கோணங்களும் வண்ணப் பட்டைகளுமே இருக்கும். ஆனால் அந்தப் பொருள்கள் மேசைமேல் இல்லாதிருந்தால் அந்தத் தளங்களும் பிறந்திருக்க மாட்டா. நாம் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை. ஒரு விடுமுறை நாளின் காலைப்பொழுது போதும். இங்கே எடுத்துக்காட்டாக அரிவாள்மனையையும் உடைத்த தேங்காய் மூடி ஒன்றையும் வைத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாப் படிகளையும் சொல்கிறேன்.

ஆயில் பேஸ்டல் ஏன்?

ஆயில் பேஸ்டல் குச்சியில் நிறமிப் பொடியும் மெழுகும் உலராத எண்ணெயும் கலந்திருக்கின்றன. ஜப்பானின் சகுரா நிறுவனம் 1925-இல் இதை முதலில் அறிமுகப்படுத்தியது. பின்னர் 1949-இல், பிக்காசோவுக்காக ஓவியர் ஆன்ரி கோட்ஸ் கேட்டுக்கொண்டதன்பேரில், பாரிஸின் சென்னலியே நிறுவனம் தேர்ந்த ஓவியர்களுக்கான மிருதுவான வகையை உருவாக்கியது. பள்ளிக்கூடப் பைகளில் கிடக்கும் மெழுகு கிரேயானில் மெழுகு மிகுதி என்பதால் அது கெட்டியாக இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று எளிதில் ஏறாது. சாக் பேஸ்டல் பொடிபொடியாக உதிரும், தாளைத் தட்டினாலே பாதி போய்விடும். ஆயில் பேஸ்டல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: தாளில் பிசுபிசுப்பாகப் பற்றிக்கொள்ளும், விரலால் தேய்த்தால் குழையும், மேலே இன்னொரு வண்ணத்தைத் தாங்கும், சுரண்டினால் அடியிலிருப்பதைக் காட்டும். நீர்வண்ணத்துக்கு வேண்டிய தூரிகை, தட்டு, தண்ணீர் எதுவும் இதற்குத் தேவையில்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் அதன் மழுங்கிய முனை. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள குச்சியால் டம்ளரின் விளிம்பில் பொறித்த பெயரையோ, மரத்தின் ஒவ்வொரு நாரையோ வரைய முடியாது. நுணுக்கத்தில் ஆசை வைக்கும் கையை அந்த முனையே தடுத்து, பெரிய வடிவத்துக்குத் திருப்பிவிடுகிறது. சிலர் இதைக் குறையாக எண்ணிக் குச்சியைச் சீவிக் கூராக்குகிறார்கள். அரூபம் பழகுபவர் அப்படிச் செய்யவே கூடாது. குச்சியின் இந்த முரட்டுத்தனம்தான் உங்களுக்கு முதல் ஆசிரியர்; அது எதை வரைய மறுக்கிறதோ அதை விட்டுவிடலாம் என்று தயக்கமின்றி முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

முதல் முறைக்கு 24 அல்லது 25 வண்ணங்கள் கொண்ட பெட்டி ஒன்று தாராளமாகப் போதும். கேம்லின், டாம்ஸ், ஃபேபர்-காஸ்டெல் போன்றவற்றின் மாணவர் வகைகள் பெரிய ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கின்றன. கொஞ்சம் பழகிய பிறகு கொரியாவின் முங்யோ போன்ற மிருதுவான வகைக்குப் போகலாம். தொடக்கத்திலேயே விலையுயர்ந்ததை வாங்கினால் குச்சி தேய்ந்துவிடுமே என்ற அச்சம் கையைக் கட்டிப்போடும். எந்தப் பெட்டியிலும் முதலில் தீர்வது வெள்ளை. தனிக்குச்சியாக விற்கும் கடை கண்ணில் பட்டால் வெள்ளையை மட்டும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குச்சியைவிடத் தாளில்தான் கவனம் தேவை. சாதாரண அச்சுத்தாள் மெல்லியது, வழவழப்பானது. இரண்டாம் அடுக்கிலேயே வண்ணம் வழுக்கிவிடும். சதுர மீட்டருக்கு 140 கிராமுக்குக் குறையாத, தொட்டால் லேசாகச் சொரசொரக்கும் கார்ட்ரிட்ஜ் தாள் நல்லது. 200 கிராமுக்கு மேற்பட்ட பேஸ்டல் தாளோ, 300 கிராம் நீர்வண்ணத் தாளோ கிடைத்தால் இன்னும் நல்லது. சொரசொரப்பின் பள்ளங்களில்தான் வண்ணம் தங்குகிறது. அளவு ஏ4 போதுமானது. அதைவிடச் சிறிதானால் தடித்த குச்சிக்கு இடம் போதாது, பெரிதானால் நிரப்பி முடிப்பதற்குள் அலுப்பு வந்துவிடும்.

மற்றவை வீட்டிலேயே இருக்கும்: பழைய பருத்தித் துணி, டிஷ்யூ தாள், மை தீர்ந்த பால்பேனா, பல்குத்தும் குச்சி, காலாவதியான வங்கி அட்டை, சாய்ப்பதற்கு ஒரு பரீட்சை அட்டை. மாஸ்கிங் டேப் மட்டும் ஒரு சுருள் வாங்குங்கள். தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் அட்டையில் ஒட்டினால், தாள் நகராமல் இருக்கும். முடித்துப் பிரிக்கும்போது சுற்றிலும் தூய வெள்ளை விளிம்பு கிடைக்கும். டேப்பை ஒட்டுமுன் ஒரு முறை துணியில் ஒற்றி எடுத்தால் பசை சற்றுக் குறைந்து, பிரிக்கும்போது தாள் கிழியாது.

கோடை மாதங்களில் பகலில் குச்சிகள் இளகிப்போய் அழுத்தினால் வளையும் நிலைக்கு வந்துவிடும். பெட்டியை மூடிய டப்பாவில் வைத்துப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தெடுத்தால் சரியாகும். காலை வேளையில் வரைவது இதற்கும் நல்லது, வெளிச்சத்துக்கும் நல்லது.

கை பழகுதல்

நேராக ஓவியத்துக்குப் போகாமல், ஒரு தாளில் ஆறு கட்டங்கள் போட்டுக்கொண்டு குச்சியின் குணத்தை அறிந்துகொள்ளுங்கள். முதலில் குச்சியின் காகித உறையைக் கிழித்துவிட்டு அதை இரண்டாக ஒடியுங்கள். புதுக் குச்சியை ஒடிக்க மனம் வராதுதான். ஆனாலும் ஒடித்தால்தான் அதைப் படுக்கவைத்துப் பக்கவாட்டால் இழுக்க முடியும், ஒரே இழுப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலப் பட்டை கிடைக்கும்.

முதல் கட்டத்தில் பக்கவாட்டால் மிக மென்மையாக இழுங்கள்; தாளின் பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். இரண்டாவதில் அதே வண்ணத்தைப் பள்ளமே தெரியாதவாறு அழுத்திப் பூசுங்கள். மூன்றாவதில் மஞ்சளை மென்மையாகப் பூசி அதன்மேல் சிவப்பை இடைவெளிவிட்டுத் தீற்றுங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணே இரண்டையும் கலந்து செம்மஞ்சளாக்கிக்கொள்ளும். நான்காவதில் அதே இரண்டையும் விரலால் தேய்த்துக் குழையுங்கள். மூன்றாவதையும் நான்காவதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குழைத்தது அமைதியாகவும் குழைக்காதது துடிப்பாகவும் இருப்பது தெரியும். ஐந்தாவதில் ஒரு வண்ணத்தின்மேல் வெள்ளையை அழுத்தித் தேயுங்கள். வெள்ளை தானும் கலந்து, அடியிலிருப்பதையும் வழவழப்பாக்கும். ஆறாவதில் மஞ்சளைத் தடிமனாகப் பூசி, அதை முழுவதும் மறைத்துக் கரும் ஊதாவைப் பூசி, பால்பேனா முனையால் கோடு கிழியுங்கள். ஊதா விலகி மஞ்சள் வெளிவரும். இந்தச் சுரண்டல் உத்தி ஆயில் பேஸ்டலுக்கு நன்றாகக் கைவரும். பின்னால் அரிவாள்மனைப் பலகையில் தழும்பு வரையும்போது இது கைகொடுக்கும்.

பொருளைப் பார்த்தல்

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அழகானதைத் தேடாதீர்கள். வெளிக்கோடு தெளிவாக இருக்கிறதா, உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். குடை, தேங்காய் துருவி, தூக்குவாளி, சாய்வு நாற்காலி, மூக்குக் கண்ணாடி எல்லாம் நல்லவை. பூச்செண்டும் கடவுள் படமும் தொடக்கத்தில் வேண்டாம். அவற்றில் நுணுக்கம் மிகுதி, அவற்றைக் குறைப்பதற்கு மனமும் இடம் கொடுக்காது.

அரிவாள்மனை இதற்கென்றே செய்ததுபோன்ற பொருள். தரையோடு தரையாகப் படுத்த ஒரு மரப்பலகை. அதன் ஒரு முனையிலிருந்து எழுந்து, அமர்பவரை நோக்கி வளையும் இரும்பு அலகு. அதன் உச்சியில் தேங்காய் துருவும் வட்டமான பல்முனை. நீள்சதுரம், பிறை, வட்டம் என்று மூன்றே வடிவங்களில் முழுப் பொருளும் அடங்கிவிடுகிறது. அலகின் உள்வளைவுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள காற்றுவெளி, பொருளைவிட அழகான வடிவம்.

அதைத் தரையில் ஜன்னலுக்கு ஒன்றிரண்டு அடி தள்ளி, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி வையுங்கள். அலகின் கூர்ப்பக்கம் உங்களுக்கும் நடமாடுபவர்களுக்கும் எதிர்ப்புறம் இருக்கட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் தேங்காய் மூடி ஒன்றை வெண்பகுதி உங்களைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள்.

இனி ஐந்து நிமிடம் குச்சியைத் தொடாமல் பாருங்கள். கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் சின்ன விவரங்கள் மங்கி, வெளிச்சமான பகுதி, இருண்ட பகுதி, இடைப்பட்ட பகுதி என்று மூன்றாகப் பிரிந்து தெரியும். பலகையும் அதன் நிழலும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இருண்ட வடிவமாகத் தோன்றுவதைக் கவனியுங்கள். அவற்றைத் தனித்தனியாக வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணுக்கு உடனே பிடிபடாவிட்டால் செல்போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பிறகு செல்போனை வைத்துவிடுங்கள். படத்தைப் பார்த்து வரைபவர் படத்தையே நகலெடுக்கத் தொடங்கிவிடுவார். பொருள் எதிரே இருக்கும்போது தலையைச் சற்று அசைத்தாலே வடிவம் மாறும், அந்த மாற்றம்தான் நமக்குத் தேவை.

அடுத்து, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஆறு கட்டங்களைப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடாமல் பென்சிலால் ஒரு குறுவரைவு போடுங்கள். ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து வரையுங்கள். ஒன்றை எழுந்து நின்று மேலிருந்து பார்த்து வரையுங்கள். அப்போது அலகு ஒரு கோடாகச் சுருங்கிவிடும். ஒன்றைத் தாளிலிருந்து பென்சிலை எடுக்காமல் ஒரே கோட்டில் வரையுங்கள். ஒன்றில் பொருளை விட்டுவிட்டு வெற்றிடங்களை மட்டும் நிரப்புங்கள். ஒன்றில் நிழலை மட்டும் வரையுங்கள். கடைசியில் மிக அருகே போய், அலகும் பலகையும் சேரும் மூலையை மட்டும் கட்டம் முழுவதும் நிறைத்து வரையுங்கள். பெரும்பாலோர் முதல் வரைவையே எடுத்துக்கொண்டு வண்ணத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நாலாவதும் ஆறாவதும்தான் வழக்கமாக நன்றாக அமைகின்றன, ஏனென்றால் அவற்றில்தான் பொருளின் பெயர் மறந்துபோகிறது.

ஆறு வரைவுகளையும் பார்த்து, இந்தப் பொருளில் எனக்குப் பிடித்தது எது என்று ஒரே ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். “படுத்த பலகையிலிருந்து அலகு துள்ளி எழுகிறது” என்பது என் விடை. உங்களுடையது வேறாக இருக்கலாம். மரத்தின் தேய்மானமாக இருக்கலாம், இரும்பின் பளபளப்பாக இருக்கலாம். அந்த வரிக்கு உதவுவது எல்லாம் ஓவியத்தில் இருக்கும், உதவாதது எல்லாம் போய்விடும். என் வரிக்குத் துருவியின் பற்கள் தேவையில்லை, அதனால் அதை ஒரு சிறு வட்டமாக்கிவிடலாம். அந்தச் சிறு வட்டம் கீழே இருக்கும் தேங்காய் மூடியின் பெரிய வட்டத்தோடு பேசிக்கொள்ளும். அலகைப் பலகையில் பொருத்தும் ஆணிகளும் தேவையில்லை. பலகை முழு நீளமும் தாளுக்குள் அடங்க வேண்டியதில்லை; அது கீழ்விளிம்புக்கு வெளியே ஓடிவிட்டால் அலகின் எழுச்சி இன்னும் கூடும்.

வண்ணத் தேர்வு

பொருளின் இயல்பான வண்ணத்தை விட்டுவிட்டு, அதன் ஒளி அளவை மட்டும் காப்பாற்றுங்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் எந்த வண்ணத்தையும் துணிந்து வைக்கலாம். மரம் பழுப்பாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் இருண்டதாக இருக்க வேண்டும். இரும்பு சாம்பலாக இருக்க வேண்டியதில்லை, ஒளிபட்ட அலகு வெளிறியதாக இருந்தால் போதும்.

வெள்ளையோடு சேர்த்து ஐந்து குச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மூடி எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். கறுப்பு வேண்டாம். இந்த ஓவியத்துக்குக் கரும் ஊதா, எலுமிச்சை மஞ்சள், செம்மஞ்சள், ஆலிவ் பச்சை, வெள்ளை ஆகியவை. மஞ்சளும் ஊதாவும் வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே நிற்பவை. அருகருகே வைத்தால் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும், கலந்தால் ஒன்றையொன்று மங்கவைக்கும். ஆகவே அலகுக்கு மஞ்சளும் வெள்ளையும், பலகைக்கும் நிழலுக்கும் ஊதா, வளைவுக்குள் இருக்கும் வெற்றிடத்துக்குச் செம்மஞ்சள், வெளியே உள்ள பின்புலத்துக்கு வெள்ளையால் தணித்த ஆலிவ் பச்சை என்று வைத்துக்கொள்ளலாம். பொருளுக்குக் கொடுப்பதைவிடச் சூடான வண்ணத்தை வெற்றிடத்துக்குக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். இப்படிச் செய்தால் வெற்றிடம் பின்னால் ஒதுங்காமல் முன்னால் வந்து நிற்கும். பார்ப்பவர் முதலில் அந்த வடிவத்தைக் கண்டு, அதன் பிறகே அரிவாள்மனையை ஊகிப்பார். ஊகிக்காமலே போனாலும் நட்டமில்லை.

தாளில் இறங்குதல்

தாளை நீளவாக்கில் ஒட்டிக்கொள்ளுங்கள். பென்சிலால் கோடு போட்டால் அதன் கரி மஞ்சளிலும் வெள்ளையிலும் கலந்து அழுக்காகும்; அதனால் மஞ்சள் குச்சியின் முனையாலேயே மென்மையாக எல்லைகளைக் குறியுங்கள். இடது கீழ்மூலையிலிருந்து வலப்பக்கமாகச் சற்றே ஏறும் அகலப் பட்டையாகப் பலகை வரட்டும். தாளின் வலப்பக்க மூன்றில் ஒரு பங்கிலிருந்து அலகு எழுந்து, இடப்பக்கம் வளைந்து, மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே சிறு வட்டத்தில் முடியட்டும். தேங்காய் மூடியின் வட்டம் இடப்பக்கத்தில் பலகையின்மேல் பாதி ஏறி நிற்கட்டும். எதையும் தாளின் நட்டநடுவில் வைக்காதீர்கள்.

வெளிர் வண்ணத்தில் தொடங்கிக் கரிய வண்ணத்தில் முடிப்பது ஆயில் பேஸ்டலின் முதல் ஒழுங்கு. கரியது வெளிர் வண்ணத்தின்மேல் எளிதில் ஏறும். கரியதன்மேல் வெளிறியதைப் பூசினால் குச்சியே அழுக்காகி, பூசியதும் மங்கிவிடும். அலகை மஞ்சளாலும், மூடியின் உள்வட்டத்தை வெள்ளையாலும் பூசுங்கள். பலகையின் பட்டை முழுவதும் மஞ்சளைச் சற்றுத் தடிமனாகப் பூசிவையுங்கள். அது இப்போது பொருத்தமில்லாமல் தெரியும், பின்னால் சுரண்டும்போது பலன் தரும். அடுத்து வெற்றிடத்தில் செம்மஞ்சளையும் பின்புலத்தில் ஆலிவ் பச்சையையும் பக்கவாட்டால் மென்மையாகத் தீற்றுங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் தீற்றலின் திசையை மாற்றிக்கொள்வது நல்லது: பின்புலத்துக்குக் குறுக்காக, வெற்றிடத்துக்கு அலகின் வளைவை ஒட்டி, அலகுக்குக் கீழிருந்து மேலாக. வண்ணம் ஒன்றாக இருந்தாலும் திசை மாறினால் பரப்பு மாறிவிடும்.

ஒரு குச்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் முனையை டிஷ்யூவில் துடைத்துக்கொள்ளுங்கள். துகள்கள் தாளில் உதிரும்போது கையால் தட்டினால் அவை கோடாக இழுபடும். அட்டையோடு தாளைச் சாய்த்துப் பின்னாலிருந்து தட்டினால் அவை தாமாகக் கீழே விழும். ஒட்டிக்கொண்ட துகளைப் பல்குச்சியின் முனையால் எடுங்கள்.

இரண்டாம் அடுக்கில்தான் ஓவியம் உயிர் பெறும். பலகையின்மீது ஊதாவை அழுத்திப் பூசி மஞ்சளை முழுவதும் மறையுங்கள். அதே ஊதாவை நிழலுக்குள்ளும் தொடர்ந்து கொண்டுபோய், நிழல் முடியும் இடத்தில் ஆலிவ் பச்சையோடு கலந்து மங்க விடுங்கள். செம்மஞ்சள் பகுதியில் இரண்டாவது முறை பூசும்போது, அலகுக்கு அருகில் அடர்த்தியாகவும் விலக விலக மெல்லியதாகவும் பூசுங்கள். பச்சையின்மேல் வெள்ளையை ஆங்காங்கே தீற்றித் தணியுங்கள். தேங்காய் மூடியின் ஓட்டுக்குப் பழுப்பு தேவையில்லை. செம்மஞ்சளும் ஊதாவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் தேவையான கருமை தானே கிடைக்கும்.

எல்லாவற்றையும் விரலால் குழைத்து வழவழப்பாக்கும் ஆசை இந்த இடத்தில் வரும். அதைக் கட்டுப்படுத்துவது இந்தக் கலையில் பாதி. நான் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் குழைக்கச் சொல்வேன்: அலகு. மஞ்சளின்மேல் வெள்ளையை அழுத்தித் தேய்த்து, துணி சுற்றிய விரலால் வளைவின் போக்கிலேயே ஒரே திசையில் இழுத்தால் இரும்பின் குளிர்ந்த வழவழப்பு வந்துவிடும். சுற்றிலும் எல்லாம் சொரசொரப்பாக இருக்கும்போது ஒன்று மட்டும் வழவழப்பாக இருந்தால் கண் அங்கேதான் போகும். எல்லாமே வழவழப்பானால் கண்ணுக்குத் தங்குமிடம் இல்லாமல் போகும்.

இப்போது பால்பேனாவை எடுத்துக்கொண்டு பலகையின் ஊதாவைச் சுரண்டுங்கள். ஆண்டுக்கணக்கில் புழங்கியதில் விழுந்த தழும்புகள் பலகையில் உண்டு. அவற்றில் ஐந்தாறு போதும். சில நீளமாகவும் சில குட்டையாகவும், அலகின் அடியில் நெருக்கமாகவும் தள்ளிப்போகும்போது அரிதாகவும் இருக்கட்டும். சம இடைவெளியில் சுரண்டினால் தழும்பு மறைந்து வேலிக்கம்பியாகிவிடும்.

கடைசியாக விளிம்புகளைப் பாருங்கள். சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டு வடிவங்களைப் பிரிப்பது புதியவர்கள் பெரும்பாலோரிடம் உள்ள பழக்கம். வண்ணமும் வண்ணமும் நேராகச் சந்தித்தால் அதுவே எல்லை. அலகின் உள்வளைவை மட்டும் கூர்மையாக வைத்துக்கொண்டு, அதன் வெளிப்பக்கத்தைப் பின்புலத்தில் கரையவிடுங்கள். பலகையின் கீழ்விளிம்பு நிழலில் தொலைந்துபோகட்டும்.

நிறுத்துவது எப்போது?

தாளைத் தலைகீழாகத் திருப்பிச் சுவரில் சாய்த்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். பொருளின் பெயர் மறந்த நிலையிலும் வடிவங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா, ஏதாவது ஒரு மூலை கனத்து ஒருபக்கமாக இழுக்கிறதா என்பது தெரியும். ஒரு பகுதியைக் கையால் மறைத்துப் பாருங்கள்; மறைத்தபின் ஓவியம் மேம்பட்டால் அந்தப் பகுதி தேவையற்றது. அட்டையில் ஒரு செவ்வகத் துளை வெட்டி ஓவியத்தின்மேல் நகர்த்திப் பார்ப்பதும் உதவும். சில நேரம் ஏ4 தாளுக்குள் அஞ்சலட்டை அளவில் நல்ல ஓவியம் ஒன்று மறைந்திருக்கும், அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

வண்ணம் வழுக்கத் தொடங்கினால் தாளின் பள்ளங்கள் நிறைந்துவிட்டன என்று பொருள். அந்த இடத்தை வங்கி அட்டையின் விளிம்பால் வழித்தெடுத்துவிட்டு ஒரு முறை பூசலாம். மூன்று நான்கு வண்ணங்கள் கலந்து சேறாகிப்போன இடத்துக்கும் இதுவே மருந்து. மேலே மேலே பூசி அதை மீட்க முடியாது. மேற்கொண்டு என்ன செய்வது என்று குச்சி கையில் இருக்க யோசிக்கிறீர்கள் என்றால் குச்சியை வைத்துவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. டேப்பை அவசரப்படாமல், ஓவியத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள்.

ஒரே பொருளை மறுபடியும்

ஒரு ஓவியத்தோடு பொருளை மாற்றிவிடாதீர்கள். இரண்டாவது ஓவியத்தை அரிவாள்மனையைப் பார்த்து வரையாமல், முதல் ஓவியத்தைப் பார்த்து வரையுங்கள்; அதில் ஒரு வடிவத்தையாவது நீக்குங்கள். மூன்றாவதை இரண்டாவதைப் பார்த்து வரையுங்கள். பிக்காசோ 1945 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலுமாகக் கல்லச்சில் (கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறையில்) ஒரு காளையைப் பதினொரு நிலைகளில் செய்தார். தொடக்க நிலைகளில் தசையும் திமிலும் கொண்ட கனத்த காளை நிற்கிறது. நடுவில் உடல் தளங்களாக வெட்டப்படுகிறது. பதினொன்றாவதில் சில கோடுகளே மிஞ்சுகின்றன, ஆனாலும் அது காளைதான். அந்தப் பதினொன்றையும் வரிசையாகப் பார்ப்பவருக்கு அரூபம் பற்றிய தெளிவு தானே வந்துவிடும். நம் ஓவியர் ஆதிமூலமும் (1938–2008) காந்தியையும் அரசர்களையும் கறுப்பு மைக்கோடுகளால் ஆண்டுக்கணக்கில் வரைந்து பழகிய பிறகே எண்ணெய் வண்ணத்தில் உருவமற்ற பரப்புகளுக்கு வந்தார். சென்னைக்கு அருகில் ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனால், சென்னை ஓவியர்கள் உருவத்திலிருந்து அரூபத்துக்கு எப்படி நகர்ந்தார்கள் என்பதை அசல் பரப்பிலேயே பார்க்கலாம். திரையில் பார்ப்பது தீற்றலின் தடிமனைக் காட்டாது. முடிந்தால் ஒரு முறை நேரில் போய், ஓவியத்தின் பக்கவாட்டில் நின்று வண்ணம் எவ்வளவு உயரமாக ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

பாதுகாத்தல்

ஆயில் பேஸ்டலில் உள்ள எண்ணெய் உலராது என்பதால் ஓவியம் எத்தனை ஆண்டு கழிந்தாலும் தொட்டால் ஒட்டும். சாக் பேஸ்டல் உதிராமலிருக்க அடிக்கும் சாதாரண ஃபிக்ஸேடிவ் தெளிப்பான் இதைக் கெட்டியாக்காது. ஆயில் பேஸ்டலுக்கென்றே செய்த தெளிப்பான்கூட ஓரளவுக்குத்தான் உதவும். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்; அந்த இயந்திரத்தின் சூட்டில் மெழுகு உருகி வண்ணங்கள் ஒன்றோடொன்று ஓடிவிடும். ஓவியங்களை அடுக்கி வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்து, மேலே கனமான எதையும் ஏற்றாமல், வெயில் படாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். மாணவர் வகைக் குச்சிகளில் இளஞ்சிவப்பும் ஊதாவும் வெயிலில் வெளுக்கும் இயல்புடையவை. சட்டமிடக் கொடுப்பதானால் கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி நடுவே தடித்த அட்டையில் வெட்டிய விளிம்பு வைக்கச் சொல்லுங்கள்.

கையில் ஒட்டிய வண்ணத்துக்குச் சோப்பை முதலில் போட்டால் அது பரவும். சில துளி தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகு சோப்புப் போட்டால் நகக்கண்வரை சுத்தமாகும். வரைந்துகொண்டிருக்கும்போது எதையும் தின்னாதீர்கள், விரலில் வெட்டுக்காயம் இருந்தால் துணி சுற்றிக் குழையுங்கள். டர்பன்டைன் தொட்டு வண்ணத்தைக் கரைக்கும் முறையும் உண்டு. அதைப் பிறகு கற்றுக்கொள்ளும்போது ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பெரியும் இடத்துக்கு வெகு தொலைவில் செய்யுங்கள். எடுத்த குச்சிகளைப் பெட்டியில் திருப்பி வைக்குமுன் ஒவ்வொன்றின் முனையையும் துடைத்து வைத்தால், அடுத்த முறை வெள்ளை வெள்ளையாகவே பூசும்.